அந்த 27,000 ரூபாய் மளிகைக் கடைக்குப் போகவில்லை

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறோம், வீட்டில் நான்கு பேர். என் சம்பளமும் கணவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. மளிகை, காய்கறி, எண்ணெய், சோப்பு எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ஆகிறது. எல்லாம் கிரெடிட் கார்டில்தான். அந்த 12,000-ஐ ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி தவறாமல் கட்டிவிடுகிறோம். போன வருடம் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குச் சீர் செய்ததில் 35,000 பாக்கி கார்டில் நின்றது. அதற்குப் பிறகு மளிகையைத் தவிர வேறு எதற்கும் கார்டைத் தேய்க்கவில்லை. ஆனால் பாக்கி இப்போது 62,000. விலைவாசி எங்களை இப்படி விழுங்குகிறது, டில்லியில் இருப்பவர்களோ பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். இவர்கள் எந்தக் கடையில் சாமான் வாங்குகிறார்கள்? விலைவாசியை ஜெயிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னதைக் கேட்டு எட்டு மாதமாக வெள்ளி ஃபண்டில் மாதம் 3,000 போட்டு வருகிறோம். அதை 5,000 ஆக்கலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது தவறான இடத்தில் போய் நிற்பதால் உங்களுக்கு மாதம் 2,900 ரூபாய் நஷ்டமாகிறது. முதலில் கோபத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். ஏறிய விலை இறங்கிவிட்டது என்று பொருள் இல்லை. அந்த வேகத்தையும் போன வருடம் இதே மாதத்து விலையோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். 2024 அக்டோபரில் காய்கறி விலை முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் ஏறியிருந்தது. எல்லாப் பொருட்களையும் சேர்த்த சில்லறைப் பணவீக்கம் 6.21 சதவீதம். அடுத்த ஆண்டு அதே அக்டோபரில் காய்கறி அந்த உச்சியிலிருந்து இறங்கியதால் அந்தச் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று வந்தது. காகிதத்தில் அது சரியான கணக்குதான். காய்கறிக் கூடையை மட்டும் பார்த்தால், 100 ரூபாய் 142 ஆகி மறுபடி 103-க்கு வந்திருக்கிறது. எண்ணெய் அப்படி இறங்கவில்லை. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு மொத்த இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்ந்தது. எண்ணெய்வித்து விவசாயிகளைக் காக்க எடுத்த முடிவு அது. நோக்கம் நல்லதாக இருக்கலாம், ஆனால் பண்டிகைக் காலத்தில் அதன் சுமை முழுவதும் வாணலியில் வந்து விழுந்தது. 2025 மே மாத இறுதியில்தான் இந்தக் கச்சா சமையல் எண்ணெய்களின் வரியைக் குறைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. பணவீக்கத்தைக் கணக்கிடப் பயன்பட்ட, 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீட்டில் நகர்ப்புறக் குடும்பங்களுக்கு உணவு, பானங்களின் பங்கு 36.29 சதவீதமாகத்தான் இருந்தது. கிராமப்புறத்துக்கு 54.18. வீட்டுச் செலவில் பாதி அடுப்படிக்கே போகிற நகரக் குடும்பத்துக்கு அந்தச் சராசரி பொருந்தாது. மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையோ, பணவீக்க இலக்கை வகுக்கும்போது உணவு விலையை விட்டுவிடுவது பற்றி யோசிக்கலாம் என்று எழுதியது. உணவு விலையை வட்டி விகிதத்தால் கட்டுப்படுத்த முடியாது என்பது அவர்கள் வாதம். அதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் பருப்பு டப்பாவைத் தட்டிப் பார்த்தவர் அந்த வாக்கியத்தை அவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்க மாட்டார்.

இந்த இடைவெளிக்குக் காரணம் மனசாட்சி மட்டுமல்ல, சம்பள அமைப்பும்தான். மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டது. ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு முறை திருத்தப்படும். குறியீடு ஏறினால் படியும் ஏறும். தனியார் சம்பளத்தில் அப்படி ஒரு கயிறு கிடையாது. முதலாளி கூட்டினால்தான் உண்டு. விலை ஏறியதை அறிக்கை எழுதும் மேசையும் உங்கள் சமையலறையும் வேறு வேறு விதமாக உணர இதுவே போதும். இதை நீங்கள் கேட்கத்தான் வேண்டும், வாக்குக் கேட்டு வருபவரிடமும் கேட்க வேண்டும்.

ஆனால் உங்கள் 62,000-க்கு டில்லி காரணம் இல்லை.

உங்கள் கடிதத்தையே திரும்பப் படியுங்கள். மளிகைக்கு ஆன 12,000-ஐ மாதாமாதம் கட்டிவிட்டீர்கள். விலை ஏறியதும் அந்த 12,000-க்குள்ளேயே அடக்கம், அதையும் கட்டிவிட்டீர்கள். அப்படியானால் 35,000 எப்படி 62,000 ஆனது? கூடிய 27,000-இல் ஒரு ரூபாய்கூட அரிசிக்கோ எண்ணெய்க்கோ போகவில்லை. அத்தனையும் வட்டி.

உங்கள் ஸ்டேட்மென்ட்டில் மாத வட்டி 3.5 சதவீதம் என்று இருக்கும், பல கார்டுகளில் ஏறத்தாழ அதுதான். வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மாதம் 4.13 சதவீதம். 35,000-ஐ இந்த வேகத்தில் பன்னிரண்டு மாதம் விட்டால் 56,900 ஆகும். மீதி சுமார் 5,000 எங்கிருந்து வந்தது என்பதுதான் பலருக்கும் தெரியாத இடம். கார்டில் பழைய பாக்கி ஒரு ரூபாய் நின்றாலும், புதிதாக வாங்கும் சாமானுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. 45 நாள், 50 நாள் என்று விளம்பரத்தில் சொல்வதெல்லாம் முந்தைய பில்லை முழுசாகக் கட்டியவருக்கு மட்டும்தான். நீங்கள் 10-ஆம் தேதி வாங்கிய துவரம்பருப்புக்கு 10-ஆம் தேதியிலிருந்தே வட்டி ஓடுகிறது. மாதம் முழுக்கப் பரவலாக வாங்கி அடுத்த 5-ஆம் தேதி கட்டுவதால், சராசரியாக 20 நாள் வட்டி. 12,000-க்கு அது மாதம் 330 ரூபாய். கடைக்காரர் போட்ட விலைக்கு மேல் இன்னொரு 2.75 சதவீதம் கொடுத்துத்தான் ஒவ்வொரு பொட்டலத்தையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள்.

பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகையான மினிமம் டியூவைவிட அதிகமாகக் கட்டியதால் தாமதக் கட்டணம் வந்திருக்காது, வங்கியிலிருந்து யாரும் போன் செய்திருக்கவும் மாட்டார்கள். அதனால்தான் தவறு கண்ணில் படவில்லை. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் போட்ட உத்தரவையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. இந்த வட்டிக்கு மேலிருந்து யாரும் மூடி போட மாட்டார்கள்.

இன்றைய நிலையில் பழைய பாக்கிக்கு 2,560, புதுச் சாமானுக்கு 330, கூட்டினால் மாதம் 2,900. உங்கள் மளிகை விலை ஒரே வருடத்தில் 10 சதவீதம் ஏறியது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அதனால் கூடும் செலவு மாதம் 1,100-தான். வட்டி அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல்.

இப்போது வெள்ளி. 5,000 ஆக்க வேண்டாம், 3,000-ஐயும் இந்த மாதமே நிறுத்துங்கள். வெள்ளி கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. விலை ஏறிய பிறகு எல்லோரும் பேசும் பொருளை, ஏறியதைப் பார்த்தே வாங்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம், அது வேறு விஷயம். ஆண்டுக்குக் கூட்டுவட்டியில் 62 சதவீதம் வளரும் கடனை வைத்துக்கொண்டு எந்த ஃபண்டில் போட்டாலும் அது கடன் வாங்கிச் செய்யும் முதலீடுதான். அதை உங்களுக்குச் சிபாரிசு செய்தவருக்கு உங்கள் கார்டு பாக்கி தெரிந்திருக்காது. எட்டு மாதத்தில் சேர்ந்த 24,000-ஐ எடுத்துவிடுங்கள். வெளியேறும் கட்டணம் என்று ஒரு சதவீதம் பிடித்தாலும், விலை சற்று இறங்கியிருந்தாலும் எடுங்கள். ‘போட்ட பணம் திரும்பும்வரை காத்திருக்கிறேன்’ என்று சொல்லும் ஒவ்வொரு மாதத்துக்கும் அந்த 24,000-க்கு ஈடான கடனில் 990 ரூபாய் வட்டி ஏறும்.

மிச்சம் 38,000. அதற்கு நகைக்கடன் வாங்குங்கள், ஆனால் 38,000-க்கு அல்ல, 50,000-க்கு. ஏன் என்று சொல்கிறேன், இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்கி மறுபடி கார்டுக்குள் விழுகிறார்கள். இப்போது இந்த மாதச் சம்பளம் போன மாத மளிகைக்குப் போகிறது. கார்டை நிறுத்தும் மாதத்தில் போன மாத 12,000-ஐயும் கட்ட வேண்டும், இந்த மாத மளிகைக்கும் ரொக்கம் வேண்டும். அந்த ஒரு மாதம் மட்டும் இரட்டைச் செலவு. அதற்குப் பணம் ஒதுக்காமல் கடனை அடைத்தால் 15-ஆம் தேதிக்குள் பர்ஸ் காலியாகி, ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்று கார்டு வெளியே வரும். கூடுதல் 12,000 அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான்.

நகைக்கடனை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வாங்குங்கள். வட்டியைச் சற்று அதிகமாகவே, ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 50,000-க்கு 19 மாதத் தவணை, மாதம் 2,900 சொச்சம். இப்போது கார்டில் மாதாமாதம் வட்டியாக ஏறுகிற அதே தொகை. வெள்ளி ஃபண்டில் மாதாமாதம் போடுவதை நிறுத்தியதில் மிஞ்சும் 3,000 இதற்குச் சரியாகப் போகும். 19 மாதத்துக்கும் சேர்த்து மொத்த வட்டி 5,200-க்குள். கார்டில் அது இரண்டு மாத வட்டிகூட இல்லை.

நகைக்கடனில் ஒரே ஒரு ஜாக்கிரதை வேண்டும். பல இடங்களில் ‘வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டினால் போதும்’ என்ற வகையைத்தான் முதலில் நீட்டுவார்கள். சுலபமாகத் தோன்றும். பன்னிரண்டாம் மாதம் கையில் பணம் இருக்காது, வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைப்பீர்கள், ஒரு முறை தவறினால் ஏல நோட்டீஸ் வரும். மாதத் தவணை வகையைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லை என்றால், மாதம் 2,900-ஐ அசலில் வரவு வைப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். நகை வைக்க மனமில்லை என்றால் கார்டு வங்கியே பாக்கியை இஎம்ஐ ஆக மாற்றித் தரும். வட்டி நகைக்கடனைவிட அதிகம், செயல்பாட்டுக் கட்டணமும் வட்டி மேல் ஜிஎஸ்டியும் உண்டு. இருந்தாலும் இப்போது ஓடுவதைவிட மேல். அதே கார்டில் மளிகை வாங்குவதைத் தொடர்ந்தால் மட்டும் பயன் இருக்காது.

அடைக்கும் நாளில் ஸ்டேட்மென்ட்டில் உள்ள தொகையைப் பார்த்துக் கட்டாதீர்கள். வங்கியை அழைத்து, பில்லில் இன்னும் ஏறாத செலவும் இன்றுவரை ஓடிய வட்டியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். அப்படிக் கட்டியும் அடுத்த பில்லில் சில நூறு ரூபாய் வட்டி வரலாம். பில் போட்ட தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அது. ‘அதான் முழுசும் கட்டியாச்சே’ என்று விட்டுவிட்டால் அந்தச் சில்லறைப் பாக்கியே வட்டியில்லா நாட்களை மறுபடி பறித்துவிடும். கட்டி, பில்லில் பூஜ்யம் வருவதைக் கண்ணால் பாருங்கள்.

பிறகு கார்டை வீட்டில் வைத்தால் போதாது. மளிகை ஆப்களில் சேமித்து வைத்த கார்டு விவரத்தை நீக்குங்கள். ரூபே கார்டாக இருந்து யுபிஐ-யோடு இணைத்திருந்தால் அந்த இணைப்பையும் எடுத்துவிடுங்கள். கடையில் ஸ்கேன் செய்யும்போது பணம் வங்கிக் கணக்கிலிருந்து போகிறதா, கார்டிலிருந்து போகிறதா என்று கவனிக்காமல் அழுத்திவிடுவோம். சம்பளம் வந்ததும் 12,000-ஐத் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, யுபிஐ-யில் அதை மட்டும் வையுங்கள்.

மளிகையில் எங்கே குறைப்பது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நால்வர் குடும்பத்தை 12,000-இல் நடத்துபவருக்கு அது தெரியும். ஒன்று மட்டும்: அரிசி அட்டை இருந்து ரேஷன் வாங்காமல் விட்டிருந்தால், மாதம் 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் உங்களுக்கு உரியது. வரிசையில் நிற்கத் தயங்க வேண்டாம்.

இந்தக் கடன் மளிகையில் தொடங்கவில்லை, சீரில்தான் தொடங்கியது. 35,000 சீருக்கு இதுவரை 27,000 வட்டி ஏறியிருக்கிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முதலில் உங்கள் கணவரிடம் காட்டுங்கள். நாத்தனார் வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது என்ன செய்ய முடியும் என்பதை, அழைப்பிதழ் வருவதற்கு முன்பே அவர் தன் அக்கா தங்கையிடம் சொல்லிவிடட்டும். 19 தவணையும் முடியும்வரை சீர் என்பது கையில் உள்ள பணத்தில் மட்டும், 2,000 என்றால் 2,000.