அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா? இதயமும் பரம்பரையும்: கேள்வி-பதில்

பரம்பரையாக வரும் மாரடைப்பைப் பற்றி எண்ணூரிலிருந்து பெரம்பூர் வரை பலரும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருந்ததால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

அப்பா 46 வயதில் மாரடைப்பில் இறந்தார். சித்தப்பாவுக்கு 49 வயதில் பைபாஸ் நடந்தது. எனக்கு 34. எச்சில் மாதிரி கொடுத்தால் போதும், இதய நோய் வருமா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடுவோம் என்கிறார்கள். பல ஆயிரம் ஆகுமாம். செய்துகொள்ளலாமா? (திருவொற்றியூர்)

அந்தப் பணம் இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும். அதைவிட நல்ல மரபணுத் தகவலை இந்தக் கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அப்பா, அண்ணன் தம்பி போன்ற நெருங்கிய ரத்த உறவில் ஆணுக்கு 55 வயதுக்குள்ளும், அம்மா, அக்கா தங்கைக்கு 65 வயதுக்குள்ளும் மாரடைப்பு வந்திருந்தால், மருத்துவர்கள் அதைத் தனி அபாயமாகவே கணக்கில் எடுப்பார்கள். உங்கள் வீட்டில் ஒரே தலைமுறையில் இருவர்.

முதலில் சாதாரண கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 190-ஐத் தாண்டியிருந்தால், குடும்பவழிக் கொழுப்பு மிகுதி என்ற நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐப் பிடித்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. மரபணுப் பிழையால் அவை குறைந்துபோனால், பிறந்த நாளிலிருந்தே கொழுப்பு ரத்தத்தில் தேங்கும். இந்த ஏற்பியைக் கண்டுபிடித்து விளக்கிய பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. இது அபூர்வ நோய் அன்று. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். குதிகாலுக்கு மேலே பின்பக்கம் ஓடும் தசைநாரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, மேலும் கீழுமாகத் தடவுங்கள். இரு பக்கமும் ஒரே சீராக, மெலிதாக இருக்க வேண்டும். தடித்தோ முண்டு முண்டாகவோ தட்டுப்பட்டால் அது கொழுப்புப் படிவாக இருக்கலாம். செருப்பு உரசிக் காய்த்துப்போனது என்று வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 45 வயதுக்குள் கருவிழியின் விளிம்பில் சாம்பல் நிற வளையம் தெரிந்தாலும் விடாதீர்கள். இவை இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது, எல்.டி.எல். எண்தான் முக்கியம்.

கூடவே லைப்போபுரோட்டீன்-ஏ என்ற பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்த இந்தக் கொழுப்புத் துகளின் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. சாப்பாட்டாலோ நடையாலோ பெரிதாக இறங்காது. பொதுவாக வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் மற்ற அபாயங்களை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

எச்சில் பரிசோதனைக்கு வருகிறேன். பல லட்சம் மரபணு மாறுபாடுகளைக் கூட்டி மதிப்பெண் போடும் முறை அது. அறிவியல் பொய்யில்லை. ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கு அடிப்படையான தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் உடம்புக்கு அது அதே துல்லியத்தோடு பொருந்தாது. விளம்பரத்தில் இதைச் சொல்வதில்லை. எல்.டி.எல். மிக அதிகமாக இருந்து மருத்துவரே குறிப்பிட்ட மரபணுவைப் பார்க்கச் சொன்னால் அது வேறு பரிசோதனை, அதைச் செய்யுங்கள்.

எனக்கு நல்ல கொழுப்பு 68, கெட்ட கொழுப்பு 172. நல்லது அதிகமாக இருப்பதால் கவலை இல்லை என்று ரத்தம் எடுத்தவர் சொன்னார். சரிதானே? (வண்ணாரப்பேட்டை)

சரியில்லை. இந்த ஆறுதலை உடைத்தவர்களில் ஒருவர் சேகர் கதிரேசன். அமெரிக்காவில் மாரடைப்பின் மரபியலை ஆராய்ந்தவர். அவருடைய குழு 2012-இல் ஒரு நல்ல கேள்வி கேட்டது: பிறவியிலேயே, மரபணு காரணமாக நல்ல கொழுப்பு கூடுதலாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறதா? எல்.ஐ.பி.ஜி. என்ற மரபணுவில் அப்படியொரு மாறுபாடு உள்ளவர்களைப் பார்த்தார்கள். நல்ல கொழுப்பு கூடியிருந்தது, மாரடைப்பு குறையவில்லை. கெட்ட கொழுப்பைக் கூட்டும் மாறுபாடுகளோ மாரடைப்பையும் கூட்டின.

மரபணு கருவிலேயே முடிவாகிவிடுகிறது. வசதி, பழக்கவழக்கம் எதுவும் அதை மாற்ற முடியாது. அதனால்தான் எது உண்மையான காரணம், எது கூடவே வரும் அடையாளம் என்று பிரிக்க அது உதவுகிறது. நல்ல கொழுப்பை ஏற்ற வந்த மருந்துகள் பலவும் ஏமாற்றியதற்கு இதுவே விளக்கம். 68-ஐ மறந்துவிட்டு 172-ஐக் கவனியுங்கள்.

என் தாத்தா நாளொன்றுக்கு ஒரு கட்டு பீடி பிடித்து 85 வயது வரை இருந்தார். எங்கள் பரம்பரைக்கு ஒன்றும் ஆகாது என்கிறேன். மனைவி சண்டை போடுகிறார். (கொருக்குப்பேட்டை)

மனைவி பக்கம்தான் நான். தாத்தாவின் மரபணுவில் கால்பங்குதான் உங்களிடம் இருக்கிறது. எந்தக் கால்பங்கு என்று யாருக்குத் தெரியும்? பீடி மட்டும் முழுசாக வந்துவிட்டது.

அத்தை மகனுக்கும் எனக்கும் திருமணம் பேசியிருக்கிறார்கள். மாமா, என் அப்பா இருவருக்குமே 50 வயதுக்குள் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சொந்தத்தில் செய்தால் குழந்தைக்கு ஆபத்தா? (வியாசர்பாடி)

சொந்தத்தில் திருமணம் செய்த எல்லோருக்கும் இதய நோய்க் குழந்தை பிறப்பதில்லை. உங்கள் இருவரையும் பார்க்க வேண்டியதற்குக் காரணம் வேறு. மேலே சொன்ன குடும்பவழிக் கொழுப்பு நோயின் பிழை அப்பாவிடம் இருந்தால், அவருடன் பிறந்த அத்தையிடமும் இருக்கலாம். அத்தை வழியாக அவர் மகனுக்கும், அப்பா வழியாக உங்களுக்கும் வந்திருக்கலாம். மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்ததைச் சொன்னீர்கள். அத்தையின் கொழுப்பு அளவைத்தான் நான் முதலில் கேட்பேன். அவருக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை என்பது விடை ஆகாது.

தம்பதியர் இருவரிடமும் பிழை இருந்தால், நான்கில் ஒரு குழந்தைக்கு இரு பக்கத்திலிருந்தும் அது சேரும். அது கடுமையான நோய். எல்.டி.எல். 400, 500-ஐத் தாண்டும். பத்து வயதிலேயே முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சள் கட்டிகள் தெரியும். பதின்வயதிலேயே மாரடைப்பு வரலாம். ஆகவே ஜாதகத்தோடு இருவரின் கொழுப்பு அளவையும் பாருங்கள். இரண்டுமே இயல்பாக இருந்தால் இந்தப் பயத்தை விட்டுவிட்டு மண்டபம் பார்க்கலாம். இருவருக்கும் அதிகமாக இருந்தால் மரபணு ஆலோசனை பெற்ற பிறகே முடிவெடுங்கள். பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

நம் நாட்டவருக்கு நூற்றில் நான்கு பேருக்கு இதய மரபணுவில் ஒரு துண்டு இல்லையாமே? (தண்டையார்பேட்டை)

உண்மை. எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும். 2009-இல் வெளியான இந்த ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி முதன்மையானவர். இது ரத்தக் குழாய் அடைப்பைப் பற்றியதன்று, இதயத் தசை பலவீனத்தைப் பற்றியது. இந்தக் குறை உள்ள பலர் நலமாகவே இருக்கிறார்கள். வீட்டில் இளவயதில் இதயம் வீங்கியவர், திடீரென இறந்தவர் இருந்தால் மட்டும் எக்கோ என்ற இதய ஸ்கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஊசியில் ஆயுளுக்கும் கொழுப்பைக் குறைக்கும் மரபணு சிகிச்சை வருகிறதாமே? எப்போது நமக்கு? (பெரம்பூர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்)

இதிலும் கதிரேசன் வருகிறார். அவருடைய அண்ணன் 42 வயதில் மாரடைப்பால் இறந்தார். பிறகு பேராசிரியர் வேலையை விட்டு அவர் தொடங்கிய நிறுவனம்தான் இந்த ஊசியை முயன்றது.

இதன் வேர் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருக்கிறது. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் அந்தக் கல்லீரல் ஏற்பிகளை அழிக்கும். அது பிறவியிலேயே செயலிழந்த கறுப்பினத்தவர்களை ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் ஆராய்ந்து 2006-இல் எழுதினார்கள்: எல்.டி.எல். 28 சதவீதம்தான் குறைவு, இதயக் குழாய் நோயோ 88 சதவீதம் குறைவு. ஆயுள் முழுக்கக் குறைந்திருப்பதற்கு அவ்வளவு பலன். அந்தப் புரதத்துக்கான மரபணுவைக் கல்லீரலிலேயே அணைத்துவிடும் ஊசியை 2022 ஜூலையில் நியூசிலாந்தில் முதல் நோயாளிக்குப் போட்டார்கள். 2024-இல் ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனையில் கோளாறு தெரிந்ததும் அந்த வடிவத்தை நிறுத்தி, அடுத்த வடிவத்துக்குப் போனார்கள். இன்னும் சோதனைதான்.

நீங்கள் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையை அறிந்தவர். இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவைச் சிகிச்சையை 1975-இல் கே.எம். செரியன் செய்தது அங்கேதான். இன்று அது மாவட்டத்துக்கு மாவட்டம் நடக்கிறது. ஊசியும் வரட்டும்; அதுவரை கொழுப்புக்கான இரவு மாத்திரையை விடாதீர்கள். எத்தனை பேர் அதை விட்டுவிட்டு இந்த ஊசியைப் பற்றிக் கேட்கிறார்கள் தெரியுமா?

எனக்குக் குடும்பவழிக் கொழுப்பு நோய் உறுதியாகிவிட்டது. மகளுக்கு 9 வயது. எப்போது பார்க்க வேண்டும்? (ராயபுரம்)

இப்போதே. எட்டு, பத்து வயதிலிருந்தே தேவைப்பட்டால் ஸ்டாடின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பதுண்டு. குழந்தை மருத்துவர் அளவைத் தீர்மானிப்பார். உங்கள் உடன்பிறந்தவர்களையும் அதே வாரம் அழைத்துப்போய் ரத்தம் கொடுக்க வையுங்கள்.