விலாங்குச்சல்லியும் முதல் பக்கமும்

அன்புள்ள ஐயா,

நான் விலங்கியல் இறுதியாண்டு மாணவி. மன்னார் வளைகுடாத் தீவுகளின் பாதுகாப்பு பற்றி ஐந்து பேர் குழுவாக ஒரு திட்டப்பணி செய்தோம். பாம்பனுக்கு மூன்று முறை போனதும், பாசி எடுக்கும் பெண்களிடம் பேசியதும், எழுபது பக்க அறிக்கையை எழுதித் தட்டச்சு செய்ததும் நான் மட்டுமே. ஆனால் முதல் பக்கத்தில் என் பெயர் ஐந்தாவதாக வந்தது. மேடையேறிப் பேசியவர் குழுத் தலைவர். பேராசிரியரிடம் சொல்லியிருக்க வேண்டுமா? கூட்டுப்பணி என்பதே ஏமாற்றுதானா? அந்தத் தீவுகள் பிழைக்குமா? அறிக்கையை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் தூத்துக்குடியில் எங்கள் பழைய வீட்டின் பின்சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். காரை உதிர்ந்த இடத்தில், மூளையின் மடிப்பைப் போல் வரிவரியாக ஓடிய ஒரு கல் தெரிந்தது. கொத்தனார் அதைக் கடல்கல் என்று சொல்லி ஓரமாகப் போட்டார். பவளம்தான் அது. அதைக் கழுவி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உங்கள் அறிக்கையைப் பிரித்தேன்.

பேராசிரியரிடம் சொல்லியிருக்கலாம், சொல்லாததால் குடிமுழுகிவிடவில்லை. கல்யாண வீட்டில் இலை எடுப்பவர் ஒருவர், பந்திக்கு முந்துபவர் பலர் என்பது எல்லோரும் அறிந்ததுதான். இதில் நான் ஆறுதல் சொல்ல ஒன்றுமில்லை.

அறிக்கையில் பாசி பற்றிய பகுதி அருமையாக இருக்கிறது. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அந்தப் பெண்கள் வழங்கும் பெயர்களையே முதலில் தந்து லத்தீன் பெயரை அடுத்து வைத்திருக்கிறீர்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு அவர்கள் மூழ்குவதை எழுதிய இடத்தில் நின்று இரண்டு முறை படித்தேன். ஆனால் 41ஆம் பக்கத்தில், "உள்ளூர் மக்களின் அறியாமையால் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் கடலில் மூழ்கின" என்று ஒரு வாக்கியம் இருக்கிறதே, அது யார் எழுதியது? எழுபது பக்கமும் நீங்கள்தானே எழுதினீர்கள்?

என் அப்பா ஒரு சுண்ணாம்புக் காளவாசலில் கணக்கெழுதினார். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். வள்ளத்திலிருந்து இறக்கிய கற்கள் ஈரம் காயாமல் குவிந்திருக்கும்; பொந்துகளிலிருந்து சிறு நண்டுகள் வெளியே வந்து, எந்தப் பக்கம் கடல் என்று தெரியாமல் சூளைக்கரியின்மேல் ஓடும். இரண்டு நாளில் அழுகல் வாடை தாங்காது. அந்தக் கல் வெந்து எங்கள் ஊர் வீடுகளுக்குப் பூச்சானது, ஆலைகளுக்கு மூலப்பொருளானது. எந்தத் தீவைச் சுற்றியிருந்த பாரிலிருந்து, அதாவது கடலடிப் பவளத் திட்டிலிருந்து, உடைத்தது என்று பேரேட்டில் குறிக்கும் வழக்கமில்லை. கடப்பாரையோடு மூழ்கிய வயதான ஒருவர் கூலி வாங்கும்போது அப்பாவிடம், "பாரை எடுத்துட்டா தீவுக்கு வேலி ஏது கணக்குப்பிள்ளை?" என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அலையின் வேகத்தைப் பார் தாங்கி உடைக்கிறது, அது போனால் மணல் அரிக்கும், மணல் போனால் தீவு போகும் என்று நீங்கள் 38ஆம் பக்கத்தில் படம் போட்டு விளக்கியதைத்தான் அவர் ஒரே வரியில் சொன்னார். அப்பா பதில் சொல்லாமல் கூலியை எண்ணிக் கொடுத்தார்.

இதை அறியாமை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அறிந்தவர் கூலிக்கு மூழ்கினார். அறியாதவர்கள் அந்தச் சுண்ணாம்பு பூசிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் பேரேட்டில் மூழ்கியவர்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன, ஏனென்றால் அவர்களுக்குத்தான் தினக்கூலி பற்று எழுத வேண்டியிருந்தது. கல்லை வாங்கியவர்களின் கணக்கு முதலாளியின் வீட்டில் இருந்தது. உங்கள் 41ஆம் பக்கமும் அப்பாவின் பேரேட்டைப் பார்த்து எழுதியதைப் போலவே இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் நன்றியுரையில் முதல்வர், துறைத்தலைவர், பெற்றோர், விடுதிக் காப்பாளர் எல்லோரும் இருக்கிறார்கள். மரிக்கொழுந்தையும் கட்டக்கோரையையும் பிரித்துக் காட்டிய பெண் "உள்ளூர்த் தகவலாளர்" ஆகிவிட்டார். ஐந்தாவது இடம் கிடைத்ததற்கு இவ்வளவு அழுத நீங்கள், ஆறாவதாக ஒரு பெயர் எழுதியிருக்கலாம். 1986இல் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. தாயும் பாட்டியும் மூழ்கிய அதே தண்ணீரில் பாசி எடுக்கும் பெண்கள் இன்று அத்துமீறியவர்களாக நிற்கிறார்கள். அப்படியிருந்தும் மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்களும் அவர்களே. அதற்காக 2015இல் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, தீவுகளைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி என்ற சர்வதேச விருது பெற்றார். தீவுப் பாதுகாப்பைப் பற்றிய எழுபது பக்கத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. கோபப்படாதீர்கள், உங்கள் மேல் மதிப்பு இருப்பதால்தான் சொல்கிறேன். மற்ற நால்வர் எழுதியிருந்தால் நான் படித்திருக்கவே மாட்டேன்.

தீவுகள் பிழைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். தூத்துக்குடிக்கு அருகே கரைந்துகொண்டிருந்த வான்தீவின் முன்னால் கான்கிரீட்டில் செயற்கைப் பார்களை இறக்கியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளம் வெளுத்துக்கொண்டே வருவதற்குக் கான்கிரீட்டில் மருந்தில்லை.

நான்காம் முறையாகப் பாம்பனுக்குப் போங்கள். அந்தப் பெண்ணிடம் 41ஆம் பக்கத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள். பேராசிரியரிடம் அதன் பிறகு போகலாம்.