240 இசட்டை சஃபாரி ரேலி வண்டி போலக் கட்டுவது தப்பா?

கேள்வி: "1972 மாடல் டாட்ஸன் 240 இசட் ஒன்று விலைக்கு வருகிறது. இன்ஜின் ஓடுகிறது, பாடியில் துரு இருக்கிறது. அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மீட்டெடுப்பதா, இல்லை 1971 சஃபாரி ரேலியில் ஜெயித்த சிவப்பு வண்டி போலக் கட்டுவதா? நகல் கட்டினால் ஒரு நல்ல பழைய வண்டியைக் கெடுத்ததாக ஆகிவிடுமா?"

தாராளமாகக் கட்டுங்கள். அசல் தகட்டை வெட்டாமல் கட்டுங்கள், கட்டி முடித்ததும் யார் கேட்டாலும் இது நகல் என்று சொல்லுங்கள். இந்த இரண்டையும் காப்பாற்றினால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. நான் மெல்பர்னில் ஒரு பட்டறையில் டிங்கரிங் வேலை செய்கிறேன். பழைய டாட்ஸன், டொயோட்டா, மிட்சுபிஷி வண்டிகள்தான் என் கைக்கு அதிகம் வருகின்றன, அதனால் இதில் எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு. பிழைத்திருக்கும் உண்மையான ரேலி வண்டிகளை யாரும் தொட்டு மாற்றக் கூடாது, அவை வரலாறு. சாதாரணமாகக் கடைக்குப் போய்வர விற்ற வண்டியை, அதுவும் துருப்பிடித்து எப்படியும் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பதை, அந்த வரலாற்றின் மேல் உள்ள அன்பால் ரேலி உருவத்தில் கட்டுவது நல்ல காரியம்.

எதை நகலெடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1970-இல் டாட்ஸன் 1600 எஸ்எஸ்எஸ்ஸில் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரியை ஜெயித்த எட்கர் ஹெர்மான், ஹான்ஸ் ஷூலர் ஜோடிதான் 1971-இல் 240 இசட்டிலும் ஜெயித்தது, கதவில் 11-ஆம் எண். அந்த ஆண்டு இரண்டாவதாக வந்ததும் 240 இசட்தான், ஓட்டியவர் சேகர் மேத்தா. 1973-இல் மேத்தாவே 240 இசட்டில் ஜெயித்தார். அதுவும் எப்படி? இன்னொரு டாட்ஸனில் வந்த ஹாரி கால்ஸ்ட்ரோமும் அவரும் ஒரே பெனால்டி புள்ளியில் முடித்தார்கள், யார் பெனால்டி இல்லாமல் அதிக தூரம் வந்தார்கள் என்று பார்த்து மேத்தாவுக்குக் கொடுத்தார்கள். அப்புறம் அவர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை டாட்ஸன் வயலட்டில் ஜெயித்தார். இந்த வண்டிகள் ஓடிய பாதை ஈஸ்டர் நேரத்து மழையில் சேறாகவும், மழை இல்லாத இடத்தில் புழுதியாகவும், கல்லாகவும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு இருந்தது. மூடிய பாதை கிடையாது, எதிரே லாரியும் வரும் மாடும் வரும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நான் பார்த்த சஃபாரி நகல்களில் பெரும்பாலானவற்றில் ஒரே குறைதான். சிவப்புப் பெயிண்ட், கறுப்பு பானெட், முன்னால் நாலு விளக்கு, கதவில் 11, எல்லாம் அழகாக இருக்கும். ஆனால் வண்டியைத் தரையோடு தாழ்த்தி, அகலமான வீலும் மெல்லிசு டயரும் போட்டிருப்பார்கள். அது சர்க்யூட் ரேஸ் வண்டி. சஃபாரி வண்டி உயரமாக நிற்கும், டயரின் பக்கச்சுவர் தடிமனாக இருக்கும், அடியில் இன்ஜினைக் காக்க ஒரு பெரிய தகடு இருக்கும். பானெட்டைப் பளபளப்பில்லாத கறுப்பில் அடித்ததுகூட அழகுக்காக இல்லை, வெயில் பட்டு ஓட்டுநரின் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு பொருளும் அங்கே ஏன் இருக்கிறது என்று தெரிந்து வைத்தால் நகலுக்கு ஒரு உயிர் வந்துவிடும். 1972 மாண்டி கார்லோ ரேலியில் ரவுனோ ஆல்டோனன், ழான் டோட் ஜோடி மூன்றாவதாக வந்த 240 இசட் வேறு மாதிரியான வண்டி, பனிக்கும் மலைச்சாலைக்கும் தயாரானது. இரண்டையும் கலந்துவிடாதீர்கள். ஒரு ரேலி, ஒரு ஆண்டு, ஒரு வண்டி என்று முடிவு செய்துகொண்டு அதன் பழைய புகைப்படங்களைச் சேகரியுங்கள்.

சரி, துருவுக்கு வருவோம். பணமும் நேரமும் போகப்போவது இங்கேதான்.

240 இசட்டுக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே தாங்குகிறது. அந்தக் காலத் தகடு மெல்லிசு, உள்ளறைகளுக்குள் துருத் தடுப்பு என்று பெரிதாக ஒன்றும் பூசவில்லை. பேட்டரி உட்காரும் தட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே பேட்டரி அமிலம் சொட்டிச் சொட்டித் தட்டைத் தின்று, கீழே இருக்கும் சட்டத்தையும் தின்றிருக்கும். அடுத்தது கண்ணாடிக்கு முன்னால் வைப்பர் இருக்கும் பள்ளம். இலை விழுந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் நின்று உள்ளே தரைக்கு இறங்கும். தரைத்தகடு, அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள், கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதி, பின்சக்கரத்துக்கு முன்னால் கால் மடங்கியது போல வளையும் மூலை, ஸ்டெப்னி வைக்கும் குழி, பின்கதவின் கீழ் விளிம்பு. இவற்றில் மூன்று இடத்தில் வெளியே துரு தெரிந்தால் எல்லா இடத்திலும் உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே ஓட்டைதான். பட்டி தடவி மூடிய வண்டிகள் நிறைய வருகின்றன, பெயிண்ட் போட்ட அன்று அழகாகத்தான் இருக்கும்.

வேலையின் வரிசை மிக முக்கியம். கதவுக்குக் கீழே உள்ள பகுதியை வெட்டி எடுப்பதற்கு முன், கதவு திறக்கும் இடைவெளியில் குறுக்குக் குழாய்களை வெல்ட் செய்து நிறுத்துங்கள். இல்லையென்றால் வண்டி நடுவில் சற்றே மடியும், அப்புறம் கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு, கதவை மாட்டி இடைவெளி பார்த்துவிட்டு, பிறகுதான் மறுபக்கம். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் போட்ட இடங்களில் ஓட்டை போட்டு அதை நிரப்பும் வெல்டிங் போட்டால், தேய்த்த பிறகு பழைய புள்ளிகளைப் போலவே தெரியும். நீளமாக ஒரே மூச்சில் வெல்டிங் இழுக்காதீர்கள், தகடு சூட்டில் நெளிந்துவிடும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று போட்டு ஆறவிட வேண்டும். பெயிண்டை எடுக்க மணலடிக்கக் கொடுப்பவர்கள் பானெட்டையும் கூரையையும் கொடுக்காமல் இருப்பது நல்லது. என் நண்பர் ஒருவர் கொடுத்த பானெட் அலை அலையாகத் திரும்பி வந்தது, அதை நேராக்கவே முடியவில்லை. பெரிய தட்டைத் தகடுகளுக்குப் பெயிண்ட் நீக்கும் ரசாயனமும் பொறுமையும் போதும். எல்லாம் முடிந்த பிறகு உள்ளறைகளுக்குள் மெழுகு அடிக்க மறக்காதீர்கள்.

இன்ஜின் விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. எல்24 ஆறு சிலிண்டர், 2,393 சிசி, இரும்பு பிளாக், எளிமையான கட்டமைப்பு, எதையும் தாங்கும். வட்டமான மேல்மூடி கொண்ட இரட்டை ஹிட்டாச்சி கார்புரேட்டர்கள் இன்னும் அதில் இருந்தால் பத்திரமாக வையுங்கள், நன்றாக ட்யூன் செய்தால் சாலைக்கு அதைவிட இதமானது கிடையாது. அமெரிக்காவுக்குப் போன 1973 வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக்காகத் தட்டையான வேறு வகை போட்டார்கள், அது சூட்டில் தொல்லை கொடுத்ததால் பலர் பழையதையே தேடி மாட்டினார்கள். ரேலி வண்டியின் சத்தம்தான் வேண்டும் என்றால் மூன்று மிகுனி சோலெக்ஸ் கார்புரேட்டர்கள் வைக்கலாம், அசல் இரண்டையும் துடைத்துப் பெட்டியில் போட்டு வைத்துவிடுங்கள். இன்னும் பலம் வேண்டும் என்பவர்கள் அதே குடும்பத்தின் எல்28 பிளாக்கில் எல்டி28 டீசல் இன்ஜினின் கிராங்க்கைப் போட்டு, 89 மி.மீ. பிஸ்டன் வைத்து 3.1 லிட்டர் ஆக்குகிறார்கள், பழகித் தேறிய வழி அது. ஆனால் உங்கள் வண்டியோடு பிறந்த எண்ணுள்ள எல்24-ஐ அதற்காக விற்றுவிடாதீர்கள்.

வெட்டாதீர்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்குக் காரணம், டாட்ஸனைச் செய்த அதே நிஸ்ஸானின், ஹகோசுகா என்று செல்லப்பெயர் கொண்ட பழைய ஸ்கைலைன். 1969-இல் வந்த ஸ்கைலைன் 2000 ஜிடி-ஆர், எஸ்20 இன்ஜின், 24 வால்வு, 160 குதிரைத்திறன், ஜப்பானிய சர்க்யூட்டுகளில் அது ஜெயித்த ஜெயிப்புகள் ஐம்பதைத் தொடும். ஜிடி-ஆர் கொஞ்சம்தான் செய்தார்கள், விலை எட்டாது. அதனால் சாதாரண ஸ்கைலைனை வாங்கி ஜிடி-ஆர் ஆக்குவது பல காலமாக நடக்கிறது. சாதாரண வண்டியின் பக்கவாட்டில் பின்சக்கரத்துக்கு மேலே ஒரு அழகான மடிப்புக் கோடு ஓடும். ஜிடி-ஆரில் பெரிய சக்கரத்துக்காக அந்த இடம் வெட்டப்பட்டது. நகல் செய்தவர்கள் எல்லாரும் வெட்டினார்கள். விளைவு, இன்றைக்கு அந்தக் கோடு முழுசாக உள்ள வெட்டாத சாதாரண ஸ்கைலைனைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். 240 இசட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. சஃபாரி வண்டிக்குத் தேவையான விளக்கு, அடித்தகடு, ஸ்பிரிங், சீட், கார்புரேட்டர் எல்லாமே போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடியவை. நாளைக்கு வாங்குகிறவர் பழையபடி ஆக்க விரும்பினால் ஒரு மாதத்தில் ஆக்கிவிடலாம்.

நகல் கட்டுவதையே ஒரு தனிக் கலையாகச் செய்கிறவர்களும் ஜப்பானில் உண்டு. ஒகசாகியில் ராக்கி ஆட்டோ என்ற பட்டறை டொயோட்டா 2000 ஜிடியின் உருவத்தில், அடியில் நவீன டொயோட்டா இன்ஜின் வைத்து, ராக்கி 3000 ஜிடி என்று தன் பெயரிலேயே விற்கிறது. யாரையும் ஏமாற்றாத அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னொரு பக்கம், அசலை மீட்பதில் எனக்கு முன்மாதிரி நிஸ்ஸானின் ஊழியர்களே நடத்தும் மறுசீரமைப்புக் குழு. 2006 முதல் ஓய்வு நேரத்தில் கூடி, ஜப்பானின் ஜாமா நகரில் நிறுவனம் சேர்த்து வைத்திருக்கும் பழைய வண்டிகளை ஓட வைக்கிறார்கள். 1958-இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றி ஓடிய டாட்ஸன் 210, ஹெர்மான் 1971-இல் ஜெயித்த அதே 240 இசட் (இது 2013-இல்) எல்லாம் அவர்கள் கைபட்டு மறுபடி ஓடியவை.

பாகங்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 240 இசட்டுக்கு ரப்பர், கண்ணாடிப் பட்டை, தரைத்தகடு என்று வெளியார் தயாரிப்புகள் நிறைய இருக்கின்றன. தகடுகளை வாங்கியதும் வண்டியில் வைத்துப் பார்த்து, பொருந்துகிறதா என்று தெரிந்த பிறகே பழையதை வெட்டுங்கள். கம்பெனிகளே மறுபடி பாகம் செய்து தரும் ஏற்பாடு இன்னும் எல்லா மாடலுக்கும் வரவில்லை. நிஸ்ஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ 2017-இல் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆருக்கு ஆரம்பித்தது, டொயோட்டா 2020-இல் சுப்ராவுக்கும் 2000 ஜிடிக்கும் ஆரம்பித்தது.

கடைசியாக எண்கள். இன்ஜின் அறையின் பின்சுவரில் அடித்திருக்கும் பாடி எண்ணைத் தொடவே கூடாது. துருவை வெட்டும்போது அந்த இடம் வந்தால்கூடச் சுற்றி வெட்டிக் காப்பாற்றுங்கள். வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து, வாங்கிய பாகங்களின் ரசீதோடு ஒரு கோப்பில் வையுங்கள், வண்டி கைமாறும்போது அதுவும் கூடவே போகட்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழேயும் பின்சக்கர மூலையிலும் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடமெல்லாம் பட்டி. பேட்டரியைக் கழற்றித் தட்டைக் காட்ட விற்பவர் தயங்கினால் அந்த வண்டி வேண்டாம், வேறு பாருங்கள்.