வில்லன் செத்தால் போதுமா?

வணக்கம்.

கொடுமைக்காரத் துணைகளைப் பற்றிய உளவியல் த்ரில்லர்கள் உங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். ஆறு வருடம் ஒருவருடன் வாழ்ந்துவிட்டுப் பிரிந்து வந்தவள் நான். வந்ததிலிருந்து இந்த வகை நாவல்களைத்தான் விடாமல் வாசிக்கிறேன். “பட்டதெல்லாம் போதாதென்று காசு கொடுத்து வேறு வாங்கிப் படிக்கிறாயா?” என்று அக்கா திட்டுகிறாள். அவள் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் விட முடியவில்லை.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. இந்தக் கதைகளில் வரும் கணவர்கள் எல்லாரும் மகா மூளைக்காரர்கள். எதைச் செய்தாலும் திட்டம் போட்டுச் செய்கிறார்கள். என்னுடன் இருந்தவர் அப்படி இல்லை, சாதாரண மனுஷன்தான். அப்படியானால் எனக்கு நடந்தது அவ்வளவு பெரிய விஷயமில்லையோ என்று தோன்றிவிடுகிறது. இன்னொன்று, கடைசியில் அவன் சாகிறான், அவள் நிம்மதியாகிவிடுகிறாள். எனக்கோ இன்றைக்கும் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் கை சில்லிட்டுப் போகிறது. தப்பு என் மேலா, கதைகள் மேலா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ம.

*

அன்புள்ள ம.,

தப்பு கதைகள் மேல்தான்.

அந்த மகா மூளைக்காரனை உருவாக்கியது எழுத்தாளனின் வசதி. முந்நூறு பக்கம் ஓட வேண்டுமென்றால் எதிராளி பலசாலியாக இருக்க வேண்டும், அடுத்து என்ன செய்வானோ என்று வாசகர் பதற வேண்டும். அதனால் அவனுக்கு ரகசிய அறை, பொய்ப் பெயர், பத்து வருடத் திட்டம் எல்லாம் கொடுத்துவிடுகிறோம். நிஜத்தில் ஒரு மனுஷியை அடக்கி வைக்க இதில் ஒன்றுகூடத் தேவையில்லை. கனடாவைச் சேர்ந்த டொனால்ட் டட்டன், சூசன் பெயின்டர் என்ற உளவியலாளர்கள் 1981-ல் எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுமை செய்பவரிடமே மனம் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு அவர்கள் இரண்டே காரணம் சொன்னார்கள். இருவரில் ஒருவரிடமே அதிகாரம் குவிந்திருப்பது ஒன்று. கொடுமையும் அன்பும் விட்டுவிட்டு, மாறி மாறி வருவது மற்றொன்று. நாள் தவறாமல் கொடுமை மட்டுமே இருந்தால் மனம் ஒருநாள் வெறுத்து விலகிவிடும். இன்றைக்கு எது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் கட்டிப்போடுகிறது. இதற்குத் திட்டம் எதற்கு? கோபம் வந்தால் கத்துவது, மறுநாள் கண்கலங்குவது, மறுபடி கத்துவது. சாதாரண மனுஷன் ஒருவன் தன் போக்கில் இருந்தாலே இது நடந்துவிடும்.

சட்டம்கூட இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ல் வந்த சட்டம், துணையைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி ஒடுக்குவதையே தனிக் குற்றமாக்கியது. ஐந்தாண்டு வரை சிறை. ஒரு அடிகூட விழுந்திருக்க வேண்டியதில்லை. யாரிடம் பேசலாம், எங்கே போகலாம், கையில் எவ்வளவு காசு இருக்கலாம் என்று தீர்மானித்துக்கொண்டே இருப்பது போதும். அதில் ஒரு வரி உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். தன் நடத்தை அவளைக் கடுமையாகப் பாதிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் அவன் இருந்திருக்க வேண்டும். திட்டம் போட்டானா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. நீங்களும் கேட்டுக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு நடந்தது பெரிய விஷயம்தான்.

செருப்புச் சத்தத்துக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ஆனால் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். இரண்டு செருப்பும் அடுத்தடுத்து மெல்ல விழுந்தால் ஒரு விதமான மாலை. ஒன்று சுவரில் போய் மோதினால் வேறு விதமான மாலை. கதவு திறக்கும் அந்தச் சில நொடிக்குள் டிவி சத்தத்தைக் குறைத்து, போனைத் திருப்பி வைத்து, எந்தக் குரலில் “வந்துட்டீங்களா” என்று கேட்பது என்பதுவரை உள்ளே முடிவாகியிருக்கும். இப்படி நாள் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டே வாழ்கிற ஒருத்தியை எத்தனை நாவலில் பார்த்திருக்கிறீர்கள்? பெரும்பாலான கதைகளில் அவள் பயந்து நடுங்குவாள், அழுவாள், கடைசி இருபது பக்கத்தில் திடீரென்று புத்திசாலியாகிவிடுவாள். அவள் முதல் நாளிலிருந்தே புத்திசாலிதான். அந்தப் புத்தி முழுவதும் அன்றைய மாலையைத் தாண்டுவதற்கே செலவாகிவிடுகிறது.

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் மூத்ததாகப் பலரும் சொல்வது பேட்ரிக் ஹாமில்டன் எழுதி 1938-ல் மேடையேறிய ‘கேஸ் லைட்’ நாடகம். கணவன் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு ரகசியமாக மேல்மாடிக்குப் போய் நகை தேடுவான். அங்கே அவன் கேஸ் விளக்கை ஏற்றும்போதெல்லாம், வாயு பகிர்ந்து போவதால், கீழே மனைவி இருக்கும் அறையில் வெளிச்சம் மங்கும். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்ப வைத்துக்கொண்டிருப்பான். அந்தக் கணவனின் சாமர்த்தியத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவன் போன கொஞ்ச நேரத்தில் விளக்கு மங்குகிறது, திரும்பி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பிரகாசமாகிறது என்பதை அவளே கவனித்து வைத்திருக்கிறாள். துப்பறிய வரும் கிழவரிடம் அதைச் சொல்வதும் அவள்தான். கண்டுபிடித்தவள் அவள். தான் கண்டதைக் கண்டதாகச் சொல்லும் தைரியம்தான் பறிபோயிருந்தது.

அதனால்தான் ஒரு வகைத் திருப்பத்தை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. கதை முழுக்க அவள் தன் நினைவையே சந்தேகப்படுகிறாள், நாமும் சேர்ந்து சந்தேகப்படுகிறோம். அதுவரை சரி, அந்த வாழ்க்கை உள்ளிருந்து அப்படித்தான் இருக்கும். கடைசியில் “எல்லாம் அவள் கற்பனை” என்று முடிக்கும்போது, கணவன் செய்த வேலையை எழுத்தாளரும் சேர்ந்து செய்கிறார். அவள் பொய் சொல்பவளாக இருக்கலாம், கெட்டவளாகக்கூட இருக்கலாம், கதாபாத்திரம்தானே. ஆனால் வாசகரின் சந்தேகத்தைக் கிளப்பிவிட்ட கதைக்கு, அந்தச் சந்தேகத்தை அவளுக்குள் யார் விதைத்தார்கள் என்று காட்டும் கடமை இருக்கிறது.

இனி, அவன் சாவு. புத்தகத்தை மூட அதுதான் சுலபமான வழி, வேறொன்றுமில்லை. முதலில், வீட்டை விட்டு வந்ததும் ஆபத்து முடிவதில்லை. அமெரிக்காவில் பதினொரு நகரங்களில் ஜாக்குலின் கேம்ப்பெல் குழுவினர் செய்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் ஒருவனைப் பிரிந்து வந்த பெண் கொலையாகும் அபாயம் பல மடங்கு கூடுவது தெரிந்தது. “ஏன் முன்னாடியே வரவில்லை?” என்று கேட்பவர்களுக்கு இது தெரியாது. அங்கே இருந்தவளுக்கு ஆய்வு படிக்காமலே தெரியும்.

அவன் உண்மையிலேயே செத்தாலும் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. நீண்ட நாள் தப்பிக்க வழியில்லாமல் ஒருவர் பிடியில் இருந்தவர்களின் காயம், ஒரு விபத்தில் சிக்கியவரின் காயத்திலிருந்து வேறுபட்டது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் விரிவாக எழுதினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது ‘சிக்கலான அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு’ (complex PTSD) என்று தனியாக இடம்பெற்று, 2022-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பழையது கண்முன் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, இப்போதும் ஆபத்து இருக்கிறது என்று உடம்பு விறைப்பாகவே இருப்பது, இவற்றோடு இன்னும் மூன்று சேர்கின்றன. உணர்ச்சி கைமீறிப் போகும், அல்லது மரத்துப் போகும். நான் எதற்கும் லாயக்கில்லாதவள் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கும். யாரிடமும் நெருங்க முடியாது. உங்கள் கை சில்லிடுவதை மட்டும் வைத்து இந்தப் பெயரை நான் சூட்ட மாட்டேன், அது மருத்துவரின் வேலை. ஆனால் மூன்று வருடமானாலும் முப்பது வருடமானாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் வாசிக்க ஆசைப்படும் த்ரில்லர், அவள் வெளியே வந்த மறுநாளில் தொடங்கும். புது அலுவலகம். பக்கத்து மேஜைக்காரரின் கோப்பையை அவள் தட்டிவிடுகிறாள், காகிதமெல்லாம் காப்பி. “பரவாயில்லைங்க” என்று சொல்லி அவர் துடைக்கிறார். அவள் காத்திருக்கிறாள், அதற்குப் பிறகு வர வேண்டியதற்காக. மதியம் வரை காத்திருக்கிறாள். எதுவும் வரவில்லை. வராதது அவளுக்கு இன்னும் பயமாக இருக்கிறது. இதில் ரத்தமும் இல்லை, கத்தியும் இல்லை. ஒழுங்காக எழுதினால் வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

அக்காவின் கேள்வி. ஏன் இதையே படிக்கிறீர்கள்? என் ஊகத்தைச் சொல்கிறேன். இந்த நாவல்களில் அவன் கெட்டவனா இல்லையா என்று யாரும் உங்களோடு வாதாட மாட்டார்கள். “நீயும் கொஞ்சம் அனுசரித்திருக்கலாம்” என்று ஏதாவது ஒரு பக்கத்தில் யாராவது சொன்னாலும், சொன்னவர் தவறு என்பது நிரூபணமாகிவிடும். பயம் வந்தால் புத்தகத்தை மூடவும் முடியும். ஆறு வருடம் கிடைக்காத வசதி இது. படிக்கட்டும் என்று அக்கா விட்டுவிடலாம்.

ஆனால் படித்த இரவுகளில் தூக்கம் போய்விடுகிறது, பகலிலும் பழையது கண்முன் வந்து நிற்கிறது என்றால் அந்தப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடுங்கள். இந்தப் பாதிப்புக்கென்றே சிகிச்சைகள் இருக்கின்றன. அதிர்ச்சியை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை ஒன்று, கண்ணசைவுகளின் துணையோடு பழைய நினைவைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். (EMDR) இன்னொன்று. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்திருக்கிறது. ஆலோசகரிடம் போகும்போது இவற்றில் பயிற்சி உண்டா என்று நேராகவே கேளுங்கள். அவர் பேசும் விதம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் காரணம் சொல்லாமலே வேறொருவரிடம் போகலாம்.