நாய்க்கு மூலிகைப் பூச்சி மருந்து: வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கால்நடை ஒட்டுண்ணியியல் என் துறை. நாய்களின் குடற்புழுவுக்கு இலை, விதை, செடிப்பால் என்று கொடுத்துப் பார்க்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

டாக்டர், குட்டிக்குப் பப்பாளி விதையை அரைத்துக் கொடுத்தேன். மறுநாள் மலத்தில் புழு விழுந்தது. மருந்து வேலை செய்துவிட்டதுதானே?

சில புழு வெளியே வந்தது, அவ்வளவுதான் தெரியும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லாது. உருண்டைப்புழு நிறைய இருக்கும் குட்டி, எந்த மருந்தும் இல்லாமலே வாந்தியிலும் மலத்திலும் புழுவைத் தள்ளும். பேதியானாலும் வரும். ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவோ ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான். கண்ணில் படாமலே இருந்துவிடும். முட்டையை எண்ணித்தான் தீர்மானிக்க வேண்டும்.

எண்ணுவது எப்படி?

மெக்மாஸ்டர் கண்ணாடி என்று ஒன்று இருக்கிறது, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும், கட்டம் போட்ட கண்ணாடி. 4 கிராம் மலத்தை 56 மில்லி செறிந்த உப்புக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, கண்ணாடியின் இரண்டு அறைகளிலும் நிரப்பிச் சில நிமிடம் விட்டால் முட்டைகள் மேலே மிதக்கும். கட்டங்களுக்குள் தெரிவதை எண்ணிக் கூட்டி 50-ஆல் பெருக்கினால், ஒரு கிராம் மலத்தில் எத்தனை முட்டை என்று வரும். உருண்டைப்புழு முட்டை கரும்பழுப்பாக, தடித்த ஓட்டோடு இருக்கும். கொக்கிப்புழு முட்டைக்கு ஓடு மெல்லிசு, உள்ளே செல்கள் தெளிவாகத் தெரியும். சாட்டைப்புழு முட்டை எலுமிச்சை வடிவம், இரு முனையிலும் மூடி.

இரண்டு எச்சரிக்கை. மாதிரியை உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். வெப்பத்தில் கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரித்துவிடும். அப்புறம், இந்த முறையில் நீங்கள் பார்க்கும் ஒரு முட்டை என்பது 50. அதனால் எண்ணிக்கை பூஜ்யம் என்றால் புழுவே இல்லை என்று ஆகாது.

மருந்துக்கு முன் 800 முட்டை, இரண்டு வாரம் கழித்து 200. 75 சதவீதம் குறைந்திருக்கிறது. நல்ல மருந்துதானே?

மருந்து கொடுக்காத நாய்க்கு எவ்வளவு குறைந்தது? அதைச் சொல்லாத வரை இந்த 75-க்குப் பொருளே இல்லை. குட்டி வளர வளர எதிர்ப்புச் சக்தி வந்து உருண்டைப்புழு தானாகவே குறையும். ஒரே நாயில்கூட முட்டை எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். அதிலும், எண்ணிக்கை மிக அதிகமாக வந்த நாளில் நாயைத் தேர்ந்தெடுத்திருந்தால், அடுத்த முறை குறைவாக வரத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒரே வயது, ஏறக்குறைய ஒரே எடையுள்ள நாய்களைச் சீட்டுக் குலுக்கி மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். ஒன்றுக்கு மூலிகை உருண்டை, இன்னொன்றுக்கு மூலிகை இல்லாத அதே உருண்டை, மூன்றாவதற்கு ஃபென்பெண்டசோல் மாதிரி நிரூபிக்கப்பட்ட மருந்து. எண்ணுகிறவருக்கு எந்த மாதிரி எந்தக் கூட்டம் என்று தெரியக்கூடாது. வெறும் உருண்டை தின்ற கூட்டத்திலும் 800 என்பது 320 ஆகியிருந்தால், உங்கள் 200-ஐ அதோடுதான் ஒப்பிட வேண்டும். அப்போது மருந்தின் பங்கு 37.5 சதவீதம். நாய்ப் பூச்சி மருந்துக்கு எதிர்பார்க்கும் அளவு 90 சதவீதத்துக்கு மேல்.

ரத்தம் குறைந்து ஈறு வெளுத்த குட்டியைச் சோதனையில் சேர்க்கவே கூடாது. அன்றே சிகிச்சை கொடுங்கள். வெறும் உருண்டை தின்ற நாய்களுக்கும் கடைசி எண்ணிக்கை முடிந்த கையோடு சரியான மருந்து போய்ச் சேர வேண்டும்.

ஒரு சாறு மண்புழுவைச் சில நிமிடங்களில் கொன்றது என்று ஆய்வுக்கட்டுரை இருக்கிறதே?

இப்படி நிறைய வருகின்றன, எனக்கு அலுத்தே போய்விட்டது. மண்புழு ஒட்டுண்ணியே இல்லை. ஈரத் தோலால் மூச்சு விடும் பிராணி. உப்பு போட்டாலே சாகும். நிஜக் கொக்கிப்புழுவைக் கிண்ணத்தில் வைத்துக் கொன்றாலும், அதே செறிவு நாயின் குடலுக்குள் போய்ச் சேருமா என்பது தனிக் கேள்வி. ஆல்கஹாலில் எடுத்த சாறு என்றால், ஆல்கஹால் மட்டும் ஊற்றிய கிண்ணமும் பக்கத்தில் இருந்ததா என்று பாருங்கள்.

பூண்டு?

வேண்டாம். நாயின் சிவப்பணுக்களை அது சிதைக்கும். கொக்கிப்புழு ஏற்கெனவே ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் செடியில் ஒன்றுமே இல்லையா, டாக்டர்?

யார் சொன்னது? பாக்கில் இருக்கும் அரிகோலின் ஒரு காலத்தில் நாய்களின் நாடாப்புழுவுக்கு முறையான மருந்து. புழுவை முடக்கி, குடலையும் உலுக்கி வெளியே தள்ளும். ஆனால் வாந்தி, பேதி பலமாக இருக்கும். மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி குறைவு. பிராசிகுவாண்டெல் என்ற நாடாப்புழு மருந்து வந்ததும் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். பப்பாளிப் பாலில் உள்ள நொதிகள் புழுவின் மேல்தோலையே செரிக்கின்றன. அதைத் தொடர்ந்து ஆராயலாம். ஆனால் ‘ஒரு கைப்பிடி’ என்பது அளவே இல்லை. எந்தப் பாகம், எப்போது பறித்தது, எப்படி உலர்த்தியது, நாயின் ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதி வைக்காவிட்டால் அடுத்தவர் அதைத் திரும்பச் செய்யவே முடியாது.

எங்கள் நாயின் மலத்தில் அரிசி மாதிரி துண்டுகள் வருகின்றன. முட்டை எண்ணினால் பூஜ்யம்.

அது நாடாப்புழு. முட்டைகள் பெரும்பாலும் அந்தத் துண்டுகளுக்குள்ளேயே வந்துவிடும், கரைசலில் மிதக்காது. இதற்கு எண்ணிக்கைச் சோதனை பயன்படாது. துண்டு வருவது நிற்கிறதா என்று சில வாரம் பார்க்க வேண்டும். உடல் அறுந்து தலை மட்டும் குடலில் ஒட்டியிருந்தாலும் புழு திரும்ப வளரும். பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால்தான் இது தொற்றுகிறது. தெள்ளை ஒழிக்காமல் சோதித்தால் இரண்டு மூன்று வாரத்தில் புதுப்புழுவின் துண்டுகள் வந்துவிடும். நீங்கள் மருந்தின் மேல் பழி போடுவீர்கள்.