கயோட்டி வேட்டை: குறி எங்கே, தூரம் எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் ஆடு வளர்க்கும் வாசகர்களும் அங்கே வேட்டை பழகிவரும் வாசகர்களும் கயோட்டியைப் பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கயோட்டி, நாயும் ஓநாயும் அடங்கிய குடும்பத்து விலங்கு. நம்மூர் நரியைவிடச் சற்றுப் பெரியது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 9 முதல் 16 கிலோ வரை இருக்கும், கிழக்கே இன்னும் கொஞ்சம் கனம்.

வாசகர், கெர்வில், டெக்சாஸ்: எங்கள் பண்ணையில் ஆட்டுக்குட்டிகளைக் கயோட்டி தூக்குகிறது. கையில் இருப்பது .223 ரைஃபிள் (சிறு விட்டத் தோட்டா சுடுவது). பக்கவாட்டில் நிற்கும்போது குறி எங்கே வைப்பது? நடு உடம்பைப் பார்த்துச் சுட்டால் போதாதா?

போதாது. நடு உடம்பில் இருப்பவை ஈரலும் குடலும். அங்கே பட்ட கயோட்டி ஓடிப் புதருக்குள் புகுந்து, நெடுநேரம் துடித்துத்தான் சாகும். எந்த உயிருக்கும் அந்தச் சாவு வரக் கூடாது. உங்களுக்கும் அது செத்ததா, தப்பியதா என்று தெரியாமல் போகும்.

முன்னங்காலின் பின்விளிம்பைக் கண்ணால் பிடித்துக்கொண்டு மேலே வாருங்கள். மார்பின் அடியிலிருந்து முதுகு வரையுள்ள உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் நிறுத்துங்கள். அதுதான் இடம். இதயம் முன்னங்கால்களுக்கு நடுவே, மார்பின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. நுரையீரல் அதற்கு மேலும் பின்னும் பரவியிருக்கிறது. ஆகவே தோட்டா கொஞ்சம் மேலே போனால் நுரையீரலில் படும், கீழே இறங்கினால் இதயத்தில் படும், முன்னே நகர்ந்தால் தோள்பட்டை எலும்பில் படும். பின்னால் நகர்ந்தால்தான் வம்பு.

குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. டிசம்பர், ஜனவரியில் மயிர் நன்றாக அடர்ந்து, கழுத்தும் முதுகும் பருத்துத் தெரியும். உள்ளே இருக்கும் உடம்பு ஒல்லியானது. கண்ணுக்குத் தெரியும் உருவத்தின் நடுமட்டத்தைப் பார்த்துச் சுடுபவரின் தோட்டா, உண்மையான மார்பின் மேல்பகுதியைத்தான் தொடும். இன்னும் சற்று மேலே போனால் முதுகு மயிரைச் சீவிக்கொண்டு போய்விடும். 'நல்ல அடிதான், ஆனாலும் ஓடிவிட்டது' என்று வரும் புகார்களில் பல, உயரம் தப்பிய கதைகள். அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு என்று அழுத்திச் சொல்கிறோம்.

வாசகர், சான் ஆஞ்சலோ, டெக்சாஸ்: முயல் கத்தும் ஒலியை வைத்து அழைத்தால் கயோட்டி நேராக என்னைப் பார்த்தே வருகிறது. பக்கவாட்டில் திரும்புவதே இல்லை. என்ன செய்வது?

எதிரே பார்த்து நிற்கும்போது, கழுத்து மார்போடு சேரும் குழிக்குச் சற்றுக் கீழே, இரண்டு தோள்களுக்கும் நடுவே வையுங்கள். உயரத்தில் தவறு செய்ய இடம் உண்டு. அகலத்தில் கிடையாது. இடமோ வலமோ மூன்று அங்குலம் தப்பினால் விலாவை உரசிப் போகும். ஆகவே காற்று அடிக்கும் நாளில் எதிர்முகச் சுடுதலை 100 கஜத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தலையைத் தாழ்த்தி வந்தால் முகம் மார்பை மறைக்கும். நிமிரும்வரை பொறுங்கள்.

கோணலாக உங்களை நோக்கி நின்றால், அருகிலுள்ள தோளின் மேல் வைக்காமல் அதன் உள்விளிம்பில், கழுத்தடிப் பக்கமாக வையுங்கள். கோணலாக விலகி நின்றால், மறுபக்கத்து முன்னங்கால் எங்கே இருக்கிறது என்று மனதில் கோடு போட்டு, தோட்டா அங்கே போய் முடியும்படி சுடுங்கள். நுழையும் இடம் விலாவின் பின்பகுதியாக இருந்தாலும் பரவாயில்லை. முழுக்க முதுகு காட்டி ஓடுகிற கயோட்டியைச் சுடாதீர்கள்.

ஓட்டத்தில் வருவதைப் பற்றிக் கணக்கோடு சொல்கிறோம். .223 தோட்டா 100 கஜத்தைக் கடக்க ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடி ஆகும். குறுக்கே துள்ளுநடையில், மணிக்கு 8 மைல் வேகத்தில் போகும் கயோட்டி அதற்குள் 14 அங்குலம் நகர்ந்திருக்கும். 30 மைல் வேகத்தில் ஓடினால் நாலு அடிக்கு மேல். மார்பில் வைத்த குறி தொடையில் போய் விழுவது இப்படித்தான். நிறுத்தித்தான் சுட வேண்டும். வாயால் 'வஃப்' என்று ஒரு குரைப்பு, அல்லது உதட்டைக் குவித்து எலி கீச்சிடுவதுபோல் ஓர் ஒலி. பெரும்பாலும் நின்று திரும்பிப் பார்க்கும். ஓரிரு விநாடிதான் நிற்கும் என்பதால், ரைஃபிள் முதலிலேயே தோளிலும் தாங்குகோலிலும் தயாராக இருக்க வேண்டும். குரைத்த பிறகு துப்பாக்கியைத் தூக்கினால் அது போய்விடும்.

வாசகர், டாலஸ்: .223-ஐக் கொண்டு 300 கஜத்தில் கயோட்டி சுடலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

ரைஃபிள் சுடும். கேள்வி நீங்கள் சுடுவீர்களா என்பதுதான்.

கயோட்டியின் மார்பில் நம்பி வைக்கக்கூடிய இடம் நாலு அங்குல வட்டம். குறியின் மையத்திலிருந்து எந்தப் பக்கமும் இரண்டு அங்குலம். அதற்குள் எதெல்லாம் அடங்க வேண்டும் என்று பாருங்கள். 55 கிரெய்ன் (தோட்டாவின் எடை அலகு) தோட்டா விநாடிக்கு 3,240 அடி வேகத்தில் புறப்படுகிறது, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) 200 கஜத்துக்குச் சீரோ செய்யப்பட்டிருக்கிறது, அதாவது அந்தத் தூரத்தில் குறியிலேயே படும்படி சரிசெய்யப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கஜத்தில் அது குறிக்கு ஒன்றரை அங்குலம் மேலே போகும். 200-ல் சரியாகப் படும். 250-ல் ஏறக்குறைய மூன்று அங்குலம் கீழே. 300-ல் ஏழு அங்குலம் கீழே. ஆக 230, 240 கஜம் வரை குறியை நகர்த்தாமல் சுடலாம். அதைத் தாண்டினால் லேசர் கருவியால் தூரம் அளந்தே ஆக வேண்டும். கண்மதிப்பில் 300 என்று நினைத்தது 340 ஆக இருந்தால் தோட்டா காலடியில் விழும்.

இதெல்லாம் காற்றில்லாத கணக்கு. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று இதே தோட்டாவை 100 கஜத்தில் ஓர் அங்குலம் தள்ளும், 200-ல் நாலரை அங்குலத்துக்கு மேல், 300-ல் 11 அங்குலம். மேற்கு டெக்சாஸ் சமவெளியில் 10 மைல் காற்று தினசரி சமாச்சாரம். மார்புக்குப் போக வேண்டியது குடலுக்குப் போக ஐந்து அங்குலம் போதும். விநாடிக்கு 3,680 அடி வேகமுள்ள .22-250 ரைஃபிள் எடுத்தால் 300-ல் இறக்கம் ஐந்து அங்குலம் போலக் குறையும். காற்றுத் தள்ளல் அப்போதும் ஒன்பதுக்குக் குறையாது. பெரிய துப்பாக்கி வாங்கினால் காற்று அடங்கிவிடாது.

உங்கள் தூரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி. அட்டையில் நாலு அங்குல வட்டம் வரையுங்கள். பெஞ்சில் வைத்துச் சுடாதீர்கள். வேட்டையில் எப்படி உட்காருவீர்களோ அப்படி, தரையில் உட்கார்ந்து, தாங்குகோலில் ரைஃபிளை வைத்து ஐந்து தோட்டா. 100 கஜத்தில் ஐந்தும் உள்ளே விழுந்தால் 150-க்குப் போங்கள். எந்தத் தூரத்தில் ஒன்று வெளியே போகிறதோ, அதற்கு முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை. முதல் தோட்டாவைத் தனியாகக் குறித்து வையுங்கள். குளிர்ந்த குழலிலிருந்து போகும் அந்த முதல் தோட்டாதான் வேட்டையில் கணக்கு. பயிற்சி குறைந்தவர்களுக்கு இந்த எல்லை 150-ஐத் தாண்டாது என்பது எங்கள் கருத்து. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காற்றுக்கு எதிரே உட்கார்ந்து ஒழுங்காக அழைத்தால் கயோட்டி 100-க்குள்ளேயே வரும்.

மிகக் கிட்டே வந்தால் எதிர்மாறான தொல்லை. ஏ.ஆர்.15 வகை ரைஃபிளில் ஸ்கோப் குழலுக்கு இரண்டரை அங்குலம் மேலே இருக்கும். 25 கஜத்தில் தோட்டா குறிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் கீழே படும். அந்தத் தூரத்தில் குறியைக் கொஞ்சம் ஏற்றிப் பிடியுங்கள்.

வாசகர், டக்சன், அரிசோனா: தோளில் சரியாகப் பட்டும் கயோட்டி எழுந்து ஓடிவிட்டது. தோட்டா 40 கிரெய்ன். எதனால்?

தோட்டாவால்தான். மெல்லிய உறையுள்ள 40 கிரெய்ன் தோட்டா தரைநாய் (பிரெய்ரி டாக் என்னும் கொறிவிலங்கு), அணில் போன்ற சின்ன உயிர்களுக்காகச் செய்தது. அதிவேகமாய்ப் போய்த் தோள் எலும்பில் மோதியதும் மேலேயே வெடித்துச் சிதறுவதுண்டு. பெரிய காயம் தெரியும், ஆனால் நெஞ்சுக்கூட்டுக்குள் ஒன்றும் போயிருக்காது. அதே தோட்டாவைத் தோளுக்குப் பின்னால் விலாவில் வைத்தால் வேலை செய்யும். தோளிலும் எதிர்முகத்திலும் சுட வேண்டிவரும் என்றால் 50, 55 கிரெய்ன் எடுங்கள். முழு உலோக உறை போட்ட ராணுவ வகை வேண்டாம். ஊசி குத்தியதுபோல் ஊடுருவிப் போகும், கயோட்டி வெகுதூரம் ஓடும். கனமான 69, 75 கிரெய்னுக்கு ஆசைப்படுபவர்கள் குழலின் உட்புறச் சுருள்பள்ளங்களின் முறுக்கைப் பாருங்கள். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருக்கும் பழைய குழலில் அவை நிலைகொள்ளாமல் தள்ளாடும்.

பட்டபின் அது என்ன செய்கிறது என்பதை ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பாருங்கள். சுழன்று சுழன்று தன் பின்பக்கத்தைத் தானே கடித்தால், குடலிலோ தொடையிலோ பட்டிருக்கிறது. உடனே இரண்டாவது தோட்டா போக வேண்டும். மரம் சாய்ந்ததுபோல் விழுந்து, சில விநாடியில் தலையைத் தூக்கினால் முதுகெலும்பின் மேல்முனையை உரசியிருக்கலாம். அதுவும் எழுந்து ஓடும். தாழ்ந்து, தலைதெறிக்க நேர்கோட்டில் ஓடினால் பெரும்பாலும் மார்பில் பட்டது. 50, 100 கஜத்தில் கிடக்கும்.

தேடப் போகுமுன், சுட்டபோது அது நின்ற இடத்தை ஒரு புதரையோ கல்லையோ வைத்து மனதில் பதியுங்கள். எழுந்து நடந்தால் எல்லாப் புதரும் ஒன்றுபோல்தான் தெரியும். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரல். கருஞ்சிவப்பு ஈரல். நாற்றத்தோடு பச்சையோ பழுப்போ கலந்திருந்தால் குடல். அடர்ந்த மயிர் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால் முதல் பத்திருபது கஜத்தில் துளிகூட இல்லாமல் போகலாம். அதை வைத்து 'படவில்லை' என்று திரும்பிவிடாதீர்கள். கண்டுபிடித்ததும் முதுகுப்பக்கமாக நெருங்கி, நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் உயிர் இருக்கிறது.

வாசகி, ஆஸ்டின்: தலையில் சுட்டால் வலி தெரியாமல் போய்விடும் அல்லவா?

மூளையில் பட்டால் உண்மைதான். ஆனால் மூளை மிகச் சிறியது, தலையோ ஓயாமல் அசைகிறது. ஓர் அங்குலம் தப்பினால் தாடை உடைந்து, பட்டினியில் நாள்கணக்கில் சாகும். இன்னொரு காரணமும் உண்டு. கயோட்டி யாரையாவது கடித்திருந்தாலோ தள்ளாடி நடந்தாலோ வெறிநோய்ச் சோதனைக்கு மூளை சிதையாமல் வேண்டும். தெற்கு டெக்சாஸில் 1988-லிருந்து கயோட்டிகளிடையே நாய் வகை வெறிநோய் பரவி, 1995-ல் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து வைத்த இரைகளைப் போடத் தொடங்கினார்கள். அந்த வகை ஒழிந்ததாக 2007-ல் அறிவித்தாயிற்று. ஸ்கங்க் (நாற்றம் பீச்சும் சிறு விலங்கு), வௌவால் வழியாக வரும் வெறிநோய் இன்னும் இருக்கிறது. எந்தக் கயோட்டியையும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

வாசகர், ஹூஸ்டன்: 12 கேஜ் ஷாட்கன்னால் 60 கஜத்தில் அடிக்கலாமா?

வேண்டாம். 4-ம் எண் பக்ஷாட் (கொத்தாகப் போகும் குண்டுகள்) போட்ட மூன்று அங்குலத் தோட்டாவில் 41 குண்டுகள் இருந்தாலும், 40 கஜத்துக்குமேல் அவை விரிந்துவிடும். இரண்டு மூன்று குண்டு வாங்கிக்கொண்டு ஓடும். உங்கள் சோக்கில் (குழல் முனையை ஒடுக்கும் பகுதி) 40 கஜத்தில் காகிதத்தில் அடித்துப் பாருங்கள். இறுக்கமான சோக் எப்போதும் நல்லது என்றில்லை, பக்ஷாட் அதில் தாறுமாறாகச் சிதறுவதும் உண்டு.

வாசகர், பிளானோ, டெக்சாஸ்: எச்1பி விசாவில் இருக்கிறேன். நண்பரின் பண்ணையில் கயோட்டி சுடப் போகலாமா?

குறியைவிட இது முக்கியமான கேள்வி. எச்1பி, எச்4, எஃப்1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. நண்பரின் துப்பாக்கியை வாங்கிப் பிடித்தாலும் அது பொருந்தும். விலக்குகளில் முக்கியமானது, அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாகத் தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம்.

பலர் இடறுவது இங்கேதான். கால்நடையைத் தாக்கும் கயோட்டியைச் சுட டெக்சாஸில் வேட்டை உரிமம் தேவையில்லை. அதைக் கேட்டுவிட்டு உரிமம் எடுக்காமல் போகிறார்கள். கயோட்டிக்குத் தேவையில்லை, உங்கள் விசாவுக்குத் தேவை. டெக்சாஸ் உரிம ஆண்டு ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. செப்டம்பர் 1 அன்று புதுப்பிக்காமல் துப்பாக்கியைத் தொட்டால் விலக்கும் இல்லை. 1971 செப்டம்பர் 2-ம் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சி வகுப்பும் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்த விசாத் தடை இல்லை. போகுமுன் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாசகர், ராலே, வட கரோலினா: இரவில் கண் மின்னுவதைப் பார்த்துச் சுடலாமா?

கூடவே கூடாது. நாய்க்கும் மானுக்கும் கண் மின்னும். உங்கள் மாநிலத்தின் கிழக்கே சிவப்பு ஓநாய்கள் வாழும் ஐந்து கவுண்டிகளில் (மாவட்டங்களில்) கயோட்டி வேட்டைக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. கயோட்டி என்று நினைத்து அந்த ஓநாயைச் சுட்டுவிட்டால், அழிவில் உள்ள உயிரினங்களுக்கான சட்டத்தில் பெரும் அபராதமும் சிறையும் வரலாம். முழு உடம்பும் தெரிய வேண்டும், அதன் பின்னே மண்மேடு இருக்க வேண்டும். மேட்டு விளிம்பில் வானத்தை ஒட்டி நிற்கும் கயோட்டியைச் சுட்டால், தப்பிய தோட்டா ஒரு மைலுக்கு அப்பால்கூட ஆளைக் கொல்லும்.

வாசகி, பிரடெரிக்ஸ்பர்க், டெக்சாஸ்: எத்தனை சுட்டாலும் திரும்ப வருகின்றன. ஆட்டுக்குட்டிகளை எப்படிக் காப்பது?

முதலில் கொன்றது கயோட்டிதானா என்று பாருங்கள். செத்த குட்டியின் தொண்டைத் தோலை உரித்தால், பல் பதிந்த துளைகளைச் சுற்றி இரத்தம் கட்டியிருக்க வேண்டும். இரத்தக்கட்டு இல்லையென்றால் வேறு காரணத்தால் செத்ததை அது தின்றிருக்கிறது. கண்டபடி சுடுவதில் பயன் குறைவு. ஆடு பிடிப்பது பெரும்பாலும் அந்த எல்லையை ஆளும் சோடிதான். அதைச் சுட்டாலும் இடம் காலியானதும் வேறொரு சோடி வந்துவிடும். ஆகவே சுடுவதோடு காவலும் வேண்டும். கிரேட் பிரனீஸ், அனடோலியன் வகைக் காவல்நாய்களை, அவை குட்டியாக இருக்கும்போதே ஆட்டோடு விட்டு வளர்க்க வேண்டும். ஒன்று போதாது, இரண்டாக விடுங்கள். ஒன்று துரத்திப் போகும்போது மற்றது மந்தையோடு நிற்கும். குட்டி ஈனும் வாரங்களில் இரவில் பட்டியில் அடையுங்கள். ஈன்ற இடத்து நஞ்சுக்கொடியையும் செத்த குட்டியையும் அன்றே ஆழமாகப் புதையுங்கள், அந்த வாடைதான் அவற்றை வேலிவரை கூட்டி வருகிறது.