தேடலைச் சுத்தம் செய்யப் புது ரவுட்டர் தேவையா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். ஏழாவது படிக்கும் மகன் பள்ளி ப்ராஜெக்ட்டுக்குக் கூகுளில் படம் தேடினால், நடுவே கூடாத படங்களும் வந்து நிற்கின்றன. எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். பேரன்டல் கன்ட்ரோல் உள்ள ரவுட்டர் வாங்கி, வருஷா வருஷம் சந்தாவும் கட்டினால் எதுவுமே வராது என்கிறார். வாங்கலாமா சார்?

பதில்: இதற்காக மட்டும் என்றால் வேண்டாம்மா.

எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று பார்த்துத்தான் ரவுட்டர் தடுக்கும். தேடல் பக்கத்தில் வரிசையாக வரும் சின்னப் படங்களோ கூகுளின் சொந்த சர்வரிலிருந்து, அதுவும் என்கிரிப்ட் ஆகி (நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு) வருகின்றன. அவற்றில் நல்லது எது, கெட்டது எது என்று ரவுட்டருக்குத் தெரியாது. 2018-இல் மத்திய அரசு 827 ஆபாசத் தளங்களை முடக்கச் சொன்னது. தளத்தை முடக்கினாலும் தேடல் பக்கத்துப் படத்தை அந்தத் தடை தொடாது. சில ரவுட்டர்கள் தேடலையும் சுத்தம் செய்வது உண்மைதான். ஆனால் அவை செய்வதெல்லாம் கூடாத படங்களை வடிகட்டும் கூகுளின் சேஃப்சர்ச்சை, யாரும் நிறுத்த முடியாதபடி பூட்டி வைப்பதுதான். அந்த வசதி இலவசம். அதற்கு எதற்குச் சந்தா?

கூகுள் செட்டிங்ஸில் சேஃப்சர்ச் என்று ஒன்று இருக்கும். அதில் மூன்று நிலைகள்: வடிகட்டுவது, மங்கலாக்குவது, நிறுத்திவிடுவது. 2023 முதல் பெரியவர்கள் கணக்கில் நாமாக எதையும் மாற்றாவிட்டால் மங்கலாக்குவதுதான் இருக்கும். அதில் படம் மட்டும் மங்கும், எழுத்தும் லிங்க்கும் அப்படியே தெரியலாம். உங்களுக்கு வேண்டியது முதல் நிலை. 18 வயதுக்குக் குறைந்தவர் கணக்கு என்றால் அது தானாகவே அப்படித்தான் இருக்கும். நம் வீடுகளில் சிக்கலே இங்கேதான். பையன் அம்மாவின் கணக்கில் தேடுவான், அல்லது கணக்குத் திறக்க வேண்டுமே என்று வயதை நாமே கூட்டிப் போட்டிருப்போம். கூகுளைப் பொறுத்தவரை அவன் முப்பது வயது ஆள்! 13 நிறையவில்லை என்றால், பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோர் கவனிக்கக் கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் வழியாகச் சரியான வயதில் கணக்குத் திறந்து கொடுங்கள். சேஃப்சர்ச் உங்கள் கையில் இருக்கும், குரோமில் இன்காக்னிட்டோவும் (தேடியது பதிவாகாத மறைவு முறை) திறக்காது.

கூகுளை விட்டு வேறு தேடுபொறிக்குப் போனால் இந்த அமைப்பு செல்லாது. அதற்கு இப்போதுள்ள ரவுட்டரிலேயே டி.என்.எஸ். (தளப் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) எண்ணை மாற்றலாம். கிளீன்பிரவுசிங் என்ற டி.என்.எஸ். சேவையின் இலவசக் குடும்ப வடிகட்டிக்கு உரிய எண்கள் 185.228.168.168, 185.228.169.168. இது ஆபாசத் தளங்களைத் தடுப்பதோடு கூகுள், பிங் இரண்டிலும் பாதுகாப்புத் தேடலைப் பூட்டிவிடும். ரெட்டிட் போன்றவையும் திறக்காது, வீட்டில் யாராவது முணுமுணுக்கலாம். சில நிறுவனங்கள் கொடுக்கும் ரவுட்டரில் இந்த எண்ணை மாற்ற விடமாட்டார்கள். இணைப்புக் கொடுத்தவரைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் பையன் சேர்ந்துவிட்டால் ரவுட்டரில் செய்தது எதுவும் பலிக்காது. கடைக்காரர் விற்கும் ரவுட்டருக்கும் இதே கதிதான்.

நேரக் கட்டுப்பாடு மாதிரி வேறு காரணத்துக்காக அதை வாங்குவதானால், சந்தா முடிந்த பிறகு எவையெல்லாம் வேலை செய்யும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சொன்னபடி இல்லாமல் கடையில் கையை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.